பை மதிப்பு மாறவில்லை, அதை எட்டும் வழியே சுருங்கியது: பெங்களூரு ஆய்வு கூறுவது என்ன?

பெங்களூரு: வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே 'பை'. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயற்பியலாளர்கள் அர்ணப் பிரியா சாஹா, அனிந்தா சின்ஹா ஆகியோர் 2024-ஆம் ஆண்டில் இந்த எண்ணுக்குப் புதிய தொடர் ஒன்றை வெளியிட்டனர். இதனால் பாடநூலில் உள்ள பை மதிப்பு மாறிவிடுமா என்ற கேள்வி எழக்கூடும். மாறாது என்பதே அதற்கான விடை. அதன் காரணத்தை அறிய ஆரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆரமும் பையும்

வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தொலைவு ஆரம். விட்டம் அதன் இரு மடங்கு. எனவே, சுற்றளவு என்பது 2 × பை × ஆரம். மர்பி டவுனில் வசிக்கும் பள்ளி மாணவர் ஒருவர், 35 செ.மீ. ஆரமுள்ள மிதிவண்டிச் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு ஒரு சுற்று உருட்டினால், அது ஏறத்தாழ 220 செ.மீ. தொலைவு நகரும். ஆரத்தை இரு மடங்காக்கினால் சுற்றளவும் இரு மடங்காகும். பரப்பளவு மட்டும் நான்கு மடங்காகும். ஆரம் எவ்வளவு மாறினாலும் பை மாறுவதில்லை.

22/7 சரியான மதிப்பா?

இல்லை. 22/7 என்பது 3.142857... ஆகும், பையின் மதிப்போ 3.141592... எனத் தொடங்கி முடிவின்றி நீள்கிறது. பை ஒரு விகிதமுறா எண் என்பதால் எந்தப் பின்னமும் அதற்குச் சமமாகாது. மேற்கண்ட சக்கரத்தில் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால், சுமார் 6,371 கி.மீ. ஆரமுள்ள பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டால் அதுவே சுமார் 16 கி.மீ. பிழையாகிறது.

இந்தியாவின் பங்களிப்பு

பையின் தோராய மதிப்பை 3.1416 என 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியபட்டர் குறித்தார். கேரளத்தின் சங்கமகிராம மாதவர் பையை முடிவிலாத் தொடராக அமைத்தார். 1-இலிருந்து 1/3-ஐக் கழித்து, 1/5-ஐக் கூட்டி, 1/7-ஐக் கழித்து என இவ்வாறே தொடர்ந்து, கிடைப்பதை 4-ஆல் பெருக்கினால் பை கிடைக்கும். ஆயினும் இத்தொடர் மிக மெதுவானது. 100 உறுப்புகளைச் சேர்த்த பின்னும் 3.1316 என்ற அளவையே எட்டும்.

புதிய தொடரின் சிறப்பு

இழைக் கோட்பாட்டின்படி துகள்கள் மோதிச் சிதறுவதை விளக்கும் கணக்கீடுகளை எளிமையாக்க முயன்றபோதே இத்தொடர் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. பையைத் தேடி அவர்கள் புறப்படவில்லை. 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' ஆய்விதழில் இது வெளியானது.

விருப்பம்போல் மாற்றத்தக்க ஓர் அளவுரு இத்தொடரில் உள்ளது. அதனை முடிவிலி வரை உயர்த்தினால் மாதவரின் தொடரே மீண்டும் கிடைக்கிறது. பத்து தசம இடங்கள் வரை துல்லியம் பெற மாதவர் தொடருக்குச் சுமார் 500 கோடி உறுப்புகள் தேவை. அளவுருவை 10 முதல் 100-க்குள் வைத்தால் புதிய தொடருக்கு 30 உறுப்புகளே போதுமானவை என்று ஆய்வுக்கட்டுரை தெரிவிக்கிறது.

எனினும், இதுவே மிக விரைவான வழி எனக் கருதலாகாது. சீனிவாச ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட தொடர்களுள் ஒன்று, ஒவ்வோர் உறுப்புக்கும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைத் தருகிறது. அவ்வழியில் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் உருவாக்கிய சூத்திரம் ஏறத்தாழ 14 இலக்கங்களைத் தருகிறது. கோடிக்கணக்கான இலக்கங்களைக் கணினியில் கணக்கிட இதுவே பெரிதும் பயன்படுகிறது.

ஆகவே, பெங்களூரு ஆய்வின் சிறப்பு வேகத்தில் மட்டும் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கணிதத் தொடர் ஒன்று, இன்றைய துகள் இயற்பியலுக்குள்ளும் இருப்பதை அது காட்டியுள்ளது. மாணவர்கள் தேர்வில் வழக்கம்போல் 22/7 அல்லது 3.14 என்ற தோராய மதிப்பையே பயன்படுத்தலாம்.