திருநீறும் கூலியும்

திருவண்ணாமலைக் கோயிலின் நான்கு பெரிய கோபுரங்களில் வடக்குக் கோபுரத்துக்கு மட்டும் ஒரு பெண்ணின் பெயர். அம்மணி அம்மன் கோபுரம். உயரம் 171 அடி. கிழக்கே நிற்கும் 217 அடி ராஜகோபுரத்தைப் பற்றிப் பேசினால் கிருஷ்ணதேவராயர், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் என்று அரசர்களின் பெயர்கள் வரும். வடக்கே அப்படி இல்லை. செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்து, கல்யாணம் வேண்டாம் என்று மறுத்து, இந்த ஊருக்கு வந்துசேர்ந்த ஒரு துறவி, பாதியில் நின்றுபோன கோபுரத்தை ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டிக் கட்டி முடித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

நான் இந்த ஊரிலிருந்துதான் பி.காம். படித்தேன். நிதி மேலாண்மைத் தாளின் முதல் அலகிலேயே ஒரு விளக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டும்: தேவையான நிதியைத் திரட்டுவதும் அதைத் திறம்படப் பயன்படுத்துவதுமே நிதி மேலாண்மை. இரண்டு மதிப்பெண். கணக்குப் பதிவு என்றால் 1494இல் வெனிஸில் நூல் வெளியிட்ட லூக்கா பசியோலி, மூலதனக் கட்டமைப்பு என்றால் 1958இல் கட்டுரை எழுதிய மோடிக்லியானியும் மில்லரும். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். பாடத்திலோ ஒரு பெண்கூடப் பணத்தைத் தொடவில்லை. வடக்குக் கோபுரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போனோம். திரட்டுவது, பயன்படுத்துவது என்ற இரண்டையும் செய்தவரின் பெயர் அங்கே நிற்கிறது என்று எங்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் அந்தக் கதை சொல்லப்படும் விதம். வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது பணம் தீர்ந்துபோகிறது. கூலி கொடுக்க வழியில்லை. அம்மணி அம்மாள் ஆளுக்குக் கொஞ்சம் திருநீறு கொடுக்கிறார். அது அவரவர் உழைப்புக்குரிய கூலியாக மாறுகிறது. பக்தர்களின் நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அற்புதத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துப் பாருங்கள். பாடப்புத்தகம் 'நடைமுறை மூலதனம்' என்று ஒரு முழு அலகு எழுதும் சிக்கல் அது. நன்கொடை வருவதற்கு நாளும் கிழமையும் கிடையாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சுண்ணாம்பு அரைப்பவருக்கும் கூலி நாள் தவறாமல் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை யாரோ ஒருவர் தினந்தோறும் தாங்கியாக வேண்டும். யாரிடம் எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, யாருக்கு எத்தனை நாள் வேலை என்று நினைவிலோ ஓலையிலோ கணக்கு இல்லாமல் 171 அடி எழும்பாது. கதையில் அந்தக் கணக்கு முழுவதும் ஒரு சிட்டிகைத் திருநீற்றுக்குள் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரே தடயம், கூலி ஆளுக்கு ஒன்றுபோல் இல்லாமல் உழைத்த அளவுக்குக் கிடைத்தது என்பதுதான். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

இன்னொன்றும் உண்டு. பணத்தைத் துறந்தவர் என்பதால்தான் ஒரு பெண்ணின் கையில் ஊர்ப்பணத்தை நம்பிக் கொடுத்தார்கள்போலும். குடும்பத்துக்குள் இருந்துகொண்டு அதே பெண் அதே பணத்தைக் கேட்டிருந்தால்?

சோழர் காலத்துக்குப் பின்னோக்கிப் போனால் பெண்களின் கணக்கு கல்லிலேயே இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். மன்றாடி ஆடுகளைப் பராமரித்து நாளுக்கு உழக்கு நெய் அளப்பார். கிழடு போனால் குட்டி வரும், எண்ணிக்கை குறையாது. கல்வெட்டுகள் இதைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. முதல் அழியாமல் பலன் மட்டும் என்றென்றும் வந்துகொண்டிருக்கும் ஏற்பாடு. நிதிப் பாடத்தில் இதற்குப் பெயர் பெர்பெச்சுவிட்டி. இப்படிக் கொடுத்தவர்களில் அரசியரும் இருந்தார்கள், கோயில் பெண்டிரும் இருந்தார்கள். லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூலில், இடைக்காலத் தமிழகத்துக் கோயில் பெண்களை ஆடல் பாடலோடு மட்டும் சேர்த்துப் பார்க்காமல், கொடையாளர்களாகக் கல்வெட்டுகளிலிருந்து மீட்டெடுத்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் அக்கா குந்தவை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குவிட்ட காசுகளின் விவரம் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆண்டுக்கு ஒரு காசு என்றென்றும் வர வேண்டுமென்றால் எட்டுக் காசு முதல் போட வேண்டும். நான் தேர்வில் சூத்திரம் எழுதிப் போட்ட அதே கணக்கு. அந்தக் காசு எந்த உழவரின் வரியிலிருந்து வந்தது என்று கேட்காமல் குந்தவையைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. ஆனாலும் கணக்கு அவருக்குத் தெரியும்.

முதலைத் தொடாமல் பலனை மட்டும் எடுப்பது கோயில் விளக்குக்கு நல்ல ஏற்பாடு. நம் சட்டம் அதையே பெண்ணின் தலையில் கட்டியது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்தது, ஆனால் வரையறுத்த உரிமையாக. வருமானத்தை அனுபவிக்கலாம், சட்டம் ஒப்பும் அவசியம் இல்லாமல் விற்க முடியாது, அவள் இறந்ததும் சொத்து கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுதான் அதை முழு உரிமையாக்கியது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு 1989 மார்ச்சில் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் எங்கள் மாவட்டம் பிறந்தது. மாவட்டத்துக்கும் மகளின் பங்குக்கும் ஒரே வயது என்று சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள்.

2022 செப்டம்பரிலிருந்து, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ. 1,000 அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே வருகிறது. சென்ற ஆண்டு சில பி.காம். மாணவிகளோடு வடக்குக் கோபுர வாசலில் நின்று அம்மணி அம்மாள் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு அந்த ஆயிரத்துக்கு வந்தது. ஏ.டி.எம். கார்டு யாரிடம் என்று கேட்டேன். "அப்பாகிட்ட" என்றாள் ஒருத்தி. "அண்ணன்கிட்ட" என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள், "என்கிட்டதான் இருக்கு மேடம், ஆனா பின் நம்பர் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், வீட்ல கார்டு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்கோம்" என்றாள்.