ஆட்டிசமும் மனநலச் சட்டமும்: குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப்பெயரை நம்மவர்கள் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். 1911-இல் அங்கே தொடங்கப்பட்ட மனநோய்க் காப்பகம்தான் இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளை வளர்ந்து, வீட்டில் அடித்து உடைக்கத் தொடங்கினால், “அங்கே கொண்டுபோய் விடுங்கள்” என்று சொல்லும் உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சமூக நலத்துறை வழங்கும் ஓ.கே.யூ. அட்டையில் ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வருகிறது. மனநோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால், 2010-இல் நடைமுறைக்கு வந்த 2001 மனநலச் சட்டம், மன வளர்ச்சி தடைப்பட்ட அல்லது முழுமை பெறாத நிலையையும் ‘மனக்கோளாறு’ என்றே சொல்கிறது. அட்டை பிரித்து வைத்ததைச் சட்டம் சேர்த்துக் கட்டிவிடுகிறது. அந்த வாசகம் பழைய பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து வந்தது. இங்கிலாந்து 2007 திருத்தத்தில் அதை ‘மனக்கோளாறு’ என்பதன் வரையறையிலிருந்து நீக்கிவிட்டது. அங்கே வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் கற்றல் குறைபாடுள்ளோரை ஊழியர்கள் வதைத்ததை 2011-இல் பிபிசி அம்பலப்படுத்தியது. ஆட்டிசத்தையோ கற்றல் குறைபாட்டையோ மட்டும் காரணம் காட்டி நீண்ட நாள் அடைத்து வைப்பதை நிறுத்தும் மசோதா 2024 நவம்பரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

நம் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, உறவினரின் விண்ணப்பமும் மருத்துவரின் பரிந்துரையும் இருந்தால், ஒருவரை அவர் விருப்பமின்றி ஒரு மாதம் வரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கலாம். நீட்டிக்கவும் வழி உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது குடும்பம்தான் என்பதைக் கவனியுங்கள். உடற்குறையோ மனக்குறையோ ஒருவரை அடைத்து வைக்கக் காரணமாகாது என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010-இல் ஏற்றது. அதன் 15, 18-ஆம் விதிகளை மட்டும் ஏற்கவில்லை. சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்லும் 19-ஆம் விதி நம்மைக் கட்டுப்படுத்தும்.

ஆட்டிசத்தோடு உண்மையான மனநோயும் சேர்ந்து வரலாம். அப்போது மருத்துவமனை தேவைதான். ஆனால், பேச்சு வராத பிள்ளை திடீரென்று தலையைச் சுவரில் மோதினால், முதலில் பல்லைப் பாருங்கள். சொத்தைப் பல், காதுவலி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, பக்கத்து வீட்டில் ஓடும் துளைப்பான் சத்தம், பள்ளி முடிந்து போவதற்கு இடமில்லாத நாள் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். தோட்டத்தில் அவன் சுற்றித் திரிய இடம் இருந்தது. அடுக்குமாடி வீட்டில் ஒரு கதவுதான். வலிக்கு மனநல வார்டு மருந்தாகாது.

வீட்டுக்கு அருகே கிடைக்கும் உதவிகளில் முக்கியமானது பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையம். 1984-இல் திரங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் இது. பகல்நேரப் பயிற்சி தருவதால், அம்மா வேலைக்குப் போகவாவது முடியும். ஓ.கே.யூ. அட்டை இல்லாமல் பெரும்பாலான உதவிகள் நகராது. மருத்துவர் உறுதிப்படுத்திய பாரத்துடன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. ‘ஊருக்குத் தெரிந்துவிடும்’ என்று அட்டையைத் தள்ளிப் போடுவதால்தான் பல குடும்பங்கள் நெருக்கடி வந்த பிறகு ஓடுகின்றன.

பிரிக்ஃபீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் தடித்த கோடுகள் பதித்த நடைபாதையில் நடந்து மசாஜ் கடைக்கு வேலைக்குப் போவது நமக்குப் பழகிய காட்சி. அதே தெருவில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் இளைஞனைப் பார்த்தால் மட்டும் ஒதுங்குகிறோம்.

அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், இவருக்கு ஆட்டிசம் என்பதை முதலில் சொல்லி, உடல்வலிக்கான பரிசோதனையைக் கேளுங்கள். எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு அமைதியாவார் என்பதை ஒரு தாளில் மலாயில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து கேட்டால், அது எந்தப் பாரம், எத்தனை நாளுக்கு என்று கேட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சமூக நல உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.