கல்வயலில் விளைந்த கூமரா: ஆக்லாந்துச் சிறு உழவர்களின் தட்பவெப்ப அறிவு

நியூசிலாந்து வேளாண்மை என்றாலே ஆட்டு மந்தைகளும் பால் பண்ணைகளும்தான் பேசப்படுகின்றன. அந்நாட்டின் மிகப் பழைய உழவுச் சாதனையோ ஆக்லாந்து விமான நிலையத்துக்கு அருகே, இஹுமாத்தாவ் பகுதியின் எரிமலைக் கற்களுக்கு நடுவே கிடக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலினீசியக் கடலோடிகள் இத்தீவுகளில் குடியேறினர். அவர்கள் கொண்டுவந்த கூமரா, நம் சர்க்கரைவள்ளிக்கிழங்கேதான். வெப்ப நாட்டில் ஆண்டு முழுதும் கொடியோடும் இப்பயிர் இங்கே குளிர்காலத்தில் பட்டுப்போகும். தென்னையும் ஈரப்பலாவும் இம்மண்ணில் நிலைக்கவில்லை. கூமராவுக்காக, அக்கடலோடிகளின் வழிவந்த மவோரி உழவர்கள் நிலத்தையே மாற்றியமைத்தனர். எரிமலைக் கற்களைப் பொறுக்கிக் குவியல்களாகவும் தாழ்ந்த சுவர்களாகவும் அடுக்கினர். பகல் வெயிலை வாங்கிய கல் இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளிவிட்டது, கடற்காற்றையும் தடுத்தது. தெற்கே வைகாட்டோவில் கனத்த மண்ணோடு மணலும் சரளையும் கலந்து, மண் விரைவில் சூடேற வழி செய்தனர்.

வயலைவிடச் சேமிப்பில்தான் அவர்களின் நுட்பம் கூடுதலாக வெளிப்பட்டது என்பது என் கருத்து. வடிகால் வசதியுள்ள மேட்டில் குழி வெட்டி, தரையோரம் வாய்க்கால் கீறி, மேலே கூரை வேய்ந்தனர். கீறல்பட்ட கிழங்கு ஒன்று உள்ளே போனாலும் அழுகல் பரவும். ஆகவே அதை முன்பே ஒதுக்கினர். பசியாற்றும் இருப்பும் அடுத்த நடவுக்கான விதைக்கிழங்கும் அந்தக் குழிகளை நம்பியே இருந்தன.

1840களில் ஆக்லாந்துக் குடியேற்றக்காரர்களுக்கு உணவளித்ததில் இப்பகுதி மவோரித் தோட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. 1863இல், மவோரிகளுக்கு எதிரான வைகாட்டோ போரை ஒட்டி, அரசு இப்பகுதி மவோரிகளை வெளியேற்றி நிலத்தைப் பறித்தது. ஒருகாலத்தில் சுமார் 8,000 ஹெக்டேர் பரவியிருந்த ஆக்லாந்துக் கல்வயல்களில் மிகச் சிறு பகுதியே மிஞ்சியது. எஞ்சிய இடத்தை ஒட்டி வீடுகள் கட்டும் திட்டத்தை எதிர்த்து 2019இல் மக்கள் திரண்டனர். 2020 டிசம்பரில் அரசு அந்த நிலத்தை விலைக்கு வாங்கியது.

அதே வட்டாரத்தைச் சேர்ந்த மாங்கரேயில், சீன வம்சாவளித் தோட்டக்காரர்களான ஜோ காக், ஃபே காக் தம்பதி இந்த வரலாற்றைத் தொடர்ந்தனர். 1950களில் வடக்கே டார்கவில் வட்டாரத்துக் கூமராவைக் கருப்பு அழுகல் நோய் தாக்கியபோது, தாங்கள் வளர்த்த நோய் தாங்கும் நாற்றுகளை அங்குள்ள உழவர்களுக்கு விலையின்றிக் கொடுத்தனர். பின்னர் அரசு ஆராய்ச்சித் துறையோடு சேர்ந்து, கிழங்கைப் பதப்படுத்தும் அறையை உருவாக்கினர். பாதிவரை கெட்டுக்கொண்டிருந்த இருப்பில் இழப்பு 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பழைய குழிகள் செய்த வேலையே இது. 2013இல் தோட்டக்கலைத் துறையின் பிளெடிஸ்லோ கோப்பை அவர்களுக்கு வழங்கப்பட்டது.

நாட்டின் கூமரா விளைச்சல் இன்று பெரும்பாலும் டார்கவிலைச் சுற்றிய தாழ்நிலத்தில் குவிந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் வெள்ளம் அறுவடைக்கு முன்பே அந்த வயல்களை மூழ்கடித்தது. விளைச்சலில் பெரும்பகுதி போயிற்று, சந்தையில் விலை எகிறியது. முன்பு நோய் தாக்கியபோது மாங்கரேயில் தனியாக ஒரு நாற்றங்கால் இருந்ததால்தான் பயிர் மீண்டது. எனவே புயல் நிவாரணம் மட்டும் போதாது. விதைக்கிழங்கைப் பல ஊர்களில், பல சிறு உழவர்களிடம் வைத்திருக்க வேண்டும். ஆக்லாந்தைச் சுற்றி எஞ்சியுள்ள எரிமலை மண் வீட்டுமனைகளாவதையும் அரசு தடுக்க வேண்டும்.