நெஞ்சுக்குள்ளே ஒரு நிழல்

மார்புக்குள் ஒளிந்திருக்கும் வியாதியை வெளியிலிருந்தே பார்ப்பது சாமானியமான காரியமா? 1968-ஆம் ஆண்டில் திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில் அந்தக் காரியம் தொடங்கியது. அப்போது அவை செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்கள்.

க்ஷயரோகத்தை பி.சி.ஜி. ஊசி தடுக்குமா? இதுதான் கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார ஸ்தாபனமும் இதற்கு விடை காண முனைந்தன. சுமார் 3,60,000 ஜனங்கள் வாழ்ந்த பகுதி அது. 10 வயதுக்கு மேற்பட்டவர்களை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். படத்தில் தெரியும் நிழல் வியாதியாகவும் இருக்கலாம், என்றோ ஆறிப்போன தழும்பாகவும் இருக்கலாம். ஆகவே, சந்தேகம் எழுந்தால் சளியைச் சோதித்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியது கிருமிதான்.

ஊசி போட்டுக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

1979-இல் முதல் அறிக்கை வந்தது. பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை! 15 ஆண்டுகள் கவனித்த பிறகும் அதே முடிவுதான்.

அதற்காக ஊசியைக் குப்பையில் எறிந்துவிடவில்லை. சிசுக்களை மூளையைத் தாக்கும் க்ஷயத்திலிருந்து காப்பதால், இன்றும் அதைப் போடுகிறார்கள். ஆனால் அதை நம்பிப் பெரியவர்கள் இருமலை அலட்சியம் செய்யலாகாது. உலகத்துக்கு இந்த உண்மையைச் சொல்லக் கை நீட்டியவர்கள், சரித்திரத்தில் பெயர் ஏறாத அந்தக் கிராமவாசிகள்தாம்.