காலால் அகழ்ந்த கிழங்கு

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பசிபிக் சமுத்திரத்தோடு சங்கமிக்கும் கொலம்பியா நதியின் கீழ்ப்பிரதேசத்தில், அம்பு முனை போன்ற இலையும் மூவிதழ் வெண்மலருமாய் ஆழமற்ற நீரில் செழிக்கும் ஒரு செடியுண்டு. அதன் வேரடிச் சேற்றில் விளையும் கிழங்குக்கு அந்நதிக்கரையின் வியாபார பாஷையில் வாப்பாட்டோ என்று பெயர்.

1805ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வழியே யாத்திரை செய்த லூயிஸ், கிளார்க் என்னும் தளபதிகளின் கூட்டத்தார், சுட்ட வாப்பாட்டோவை ரொட்டிக்கு ஈடாக உண்டு திருப்தியுற்றனர். அதை எடுக்கும் விதத்தை லூயிஸ் மறு ஆண்டு மார்ச்சில் எழுதிவைத்தார்: சினூக் இனப் பெண்கள் சிறு தோணியொன்றைப் பற்றிக்கொண்டு மார்பளவு நீரில் இறங்கி, கால்விரல்களால் சேற்றைத் துழாவிக் கிழங்கை வேரினின்றும் பிரிப்பர், அது மிதந்து மேலே வந்ததும் தோணியில் எறிவர், குளிர்காலத்திலும் இவ்விதம் மணிக்கணக்காக நீரில் நிற்பர். கடற்கரையோரக் குடிகளுக்கு அவர்கள் விற்ற பிரதான சரக்கும் இதுவே. ஏப்ரல் 2ஆம் தேதி ஒரு வீட்டார் கிழங்கு விற்க மறுக்கவே, கிளார்க் வெடித்திரியை அடுப்பில் இட்டு நெருப்பின் நிறம் மாறச் செய்தும், காந்தத்தால் திசைகாட்டி முள்ளைச் சுழற்றியும் அவர்களை அச்சுறுத்திப் பெற்று, பின்னர் விலையும் கொடுத்தார்.

1830இல் தொடங்கிய விஷஜுரம் சில ஆண்டுகளுக்குள் அந்நதிக்கரைக் கிராமங்களைச் சூனியமாக்கியது. பின்வந்தோரின் மாடும் பன்றியும் சதுப்பை மிதித்துக் கிளற, கரையெழுப்பி நீரை வடித்த நிலங்கள் விளைநிலங்களாயின. வாப்பாட்டோ, எவரும் பயிரிடாத காட்டுக் கிழங்கென்றே ஏடுகளில் நின்றது.

ஆயினும், வடக்கே கனடாவின் பிரேசர் நதிப் பள்ளத்தாக்கில் காட்ஸி (Katzie) இன மக்களின் பூமியில் சாலை அமைக்கும்போது வெளிப்பட்டு, 2016இல் ஆராய்ச்சியாளர் பிரசுரித்த செய்தி வேறு விதமாக இருந்தது. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன்னர், நீரடியில் கற்களை நெருக்கிப் பரப்பி, வேர் ஆழம் போகாமல் தடுத்து, கிழங்கு கைக்கெட்டும் மட்டத்திலேயே திரளும்படி அங்கே தோட்டம் அமைத்திருந்தனர். கருகிய நிறமாய் எஞ்சியிருந்த கிழங்குகள் 3,767. அருகில் மரத்தாலான தோண்டுகோல்களின் முனைகளும் கிடந்தன. தானாக முளைத்ததென்று நாம் எண்ணிய கிழங்குக்கு, அவர்கள் நீருக்கடியில் தளமே பாவியிருந்தனர்.