தகர்ந்ததா, தகர்த்தனரா? 1857 டெல்லியும் ஒரு வினைச்சொல்லும்

ஆங்கிலத்தில் ‘ப்ளோ அப்’ என்னும் கூட்டுவினை வெடியால் நேரும் அழிவைக் குறிக்கும். இது தன்வினையாகவும் பிறவினையாகவும் வடிவம் மாறாமல் வரும். கிடங்கு தானே வெடித்தாலும், ஒருவர் அதற்குத் தீ வைத்தாலும் சொல் ஒன்றே. கிடங்கை எழுவாயாக்கிவிட்டால் செய்தவரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழில் ‘தகர்ந்தது’ வேறு, ‘தகர்த்தனர்’ வேறு. ஆகவே 1857ஆம் ஆண்டின் ஆவணங்களைத் தமிழாக்குபவர், செய்தவர் யார் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

அவ்வாண்டு மே 11 அன்று டெல்லி வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. லெப்டினன்ட் வில்லோபியின் தலைமையில் அதனைக் காத்துநின்ற ஒன்பது பேர், அது கிளர்ச்சிப் படையின் கைக்குப் போகாதிருக்கத் தாமே தீயிட்டனர். இங்கே ‘கிடங்கு வெடித்துச் சிதறியது’ என்று மட்டும் எழுதினால் திட்டமிட்ட செயல் விபத்தாகிவிடும்.

செப்டம்பர் 14 அன்று கம்பெனிப் படை காஷ்மீரி கேட்டின் கதவை வெடிவைத்துப் பிளந்தது. அந்தக் குழுவில் லெப்டினன்ட் ஹோம், சால்கெல்டு ஆகியோருடன் இந்தியச் சாப்பர் வீரர்களும் இருந்தனர். ‘கதவு தகர்க்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினை இவர்கள் அனைவரையும் மறைத்துவிடும். தமிழிலும் இவ்வழுக்கு இடமுண்டு.

காஷ்மீரி கேட்டில் உயிர்தப்பிய ஹோம், அக்டோபர் 1 அன்று மாலாகட் கோட்டையைத் தகர்க்கும் பணியில் வெடி முன்கூட்டியே வெடித்ததால் மாண்டார். தகர்க்க முயன்றவர் அவர். வெடித்தது அவர் எண்ணியபடியன்று. ஒரே நிகழ்வுக்கு இரு வினைகளும் தேவைப்படுகின்றன.

கிடங்கின் எஞ்சிய வாயிலில் 1888இல் ஆங்கிலேயர் பதித்த கல்வெட்டு, தீயிட்டவர்களை வீரர்கள் என்று போற்றுகிறது. எதிரிகள் பலர் மாண்டதையோ வெடிப்பின் செயலாகக் கூறுகிறது. எதிர்நின்றவர்களை அது கலகக்காரர்கள் என்கிறது. விடுதலைக்குப் பின் அதன் கீழே சேர்க்கப்பட்ட பலகை, அவர்கள் அந்நிய ஆட்சியை அகற்ற முயன்ற, கம்பெனிப் படையின் இந்தியர்கள் என்று விளக்குகிறது. அப்பலகை திருத்தியது பெயர்ச்சொல்லை. தீயிட்டவர்கள் மனிதர்கள், கொன்றது வெடிப்பு என்னும் மேல்வாசகம் அப்படியே நிற்கிறது.

சான்றுகளை வாசிக்கும் மாணவர் ஒவ்வொரு வினைக்கும் எழுவாயைத் தேடுவது இலக்கணப் பயிற்சி மட்டுமன்று. அழிவுக்குப் பொறுப்பானவரை வரலாற்றில் பதிவு செய்வதும் அதுவே.