காட்டுக்கோழி இறகும் ஒரு துண்டுச் சீட்டும்

இன்னைக்கு எபிசோட் ஒரு தபால் கவர்ல இருந்து ஆரம்பிக்குது.

கவருக்குள்ள எட்டு தூண்டில் முள். ஒவ்வொரு முள்ளுலயும் நூலும் இறகும் சுத்தி, பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ செஞ்சிருக்காங்க. இதுக்குப் பேர் ஃப்ளை. மண்புழுவுக்குப் பதிலா இதைக் காட்டி மீனை ஏமாத்தணும். இதைக் கையால கட்டுறதுதான் ஃப்ளை டையிங்.

நான் இதைக் கத்துக்கிட்டது ஸ்வாப்ல. எட்டு பேர் சேருவோம். ஆளுக்கு ஒரே மாதிரி எட்டு ஃப்ளை கட்டி, பொறுப்பா இருக்கிற ஒருத்தருக்கு அனுப்புவோம். அவர் கலந்து பிரிச்சு, எல்லாருக்கும் வகைக்கு ஒண்ணா திருப்பி அனுப்புவார். ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு தொங்கும்: கட்டினது யார், என்ன நூல், என்ன இறகு. புரியலைன்னா சுத்து சுத்தா பிரிச்சுப் பார்க்கலாம். அடுத்தவங்க கோடைப் படிச்சு ப்ரோக்ராமிங் கத்துக்கிட்ட மாதிரிதான்.

போன தடவை வந்த ஒரு சீட்டுல இப்படி எழுதியிருந்தது: ‘வெள்ளைப் புள்ளி நெயில் பாலிஷ். காட்டுக்கோழி இறகுக்குப் பதில்.’

எதுக்கு நெயில் பாலிஷ்? அங்கதான் கதை பின்னாடி போகுது.

19ஆம் நூற்றாண்டு பிரிட்டன்ல சால்மன் மீனுக்குக் கட்டின ஃப்ளை எல்லாம் நகை மாதிரி இருக்கும். ஜார்ஜ் கெல்சன் 1895ல ‘தி சால்மன் ஃப்ளை’னு ஒரு புத்தகமே போட்டார். அந்த ஃப்ளைகள்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு இறகு, நம்ம சாம்பல் காட்டுக்கோழியோட கழுத்து இறகு. அதுல இருக்கிற மெழுகு மாதிரியான வெளிர் புள்ளி, தண்ணிக்குள்ள மீன் கண் மாதிரி தெரியும். காவிரி பிறக்கிற குடகுக் காட்டுல திரியுற பறவை அது. அதுக்கு அறிவியல் பேர் வந்தது, இந்தியாவுல சுத்தின பிரெஞ்சுக்காரர் சொன்னெராட் நினைவா.

இந்த ஃப்ளை பழக்கம் இங்கயும் வந்தது. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873ல ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். பிறகு நம்ம தஞ்சாவூருக்கும் கலெக்டரா இருந்தவர். 1887ல குளத்து மீன்பிடிப்புக்குன்னே தனியா இன்னொரு புத்தகம்.

இறகு மட்டும் கப்பல் ஏறிக்கிட்டே இருந்தது. 1902ல இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை பண்ணிச்சு. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்னைக்கு வெளிநாட்டுல விக்கிற இந்த இறகு, அங்கயே கூண்டுல வளர்க்கிற கோழியோடது. இங்க நமக்கு நெயில் பாலிஷ். அதுதான் சரியும்கூட.

ஆனா எல்லாரும் நெயில் பாலிஷோட நிக்கலை. 2009 ஜூன்ல, லண்டன்ல புல்லாங்குழல் படிச்சுக்கிட்டிருந்த 20 வயசு எட்வின் ரிஸ்ட், டிரிங் அருங்காட்சியகத்து ஜன்னலை உடைச்சு உள்ள போனார். எடுத்துட்டுப் போனது 299 பறவைத் தோல். சொர்க்கப் பறவைகள், கோட்டிங்கா, கெட்சல். சிலது ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ் சேகரிச்சது. ரிஸ்ட் கெட்டிக்கார ஃப்ளை டையர். இறகுகளை விக்க, வாங்குனதும் இதே பொழுதுபோக்குக்காரங்கதான்.

போலீஸ் முழுசா மீட்டது 174 தோல். அதுல சீட்டு இருந்தது 102ல மட்டும். எங்க பிடிச்சது, எப்போ பிடிச்சது, யார் பிடிச்சதுன்னு அந்தச் சீட்டுதான் சொல்லும். சீட்டு போன பறவை, ஆராய்ச்சிக்கு வெறும் இறகு.

இதைப் படிச்ச அன்னைக்கு என் கவரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நெயில் பாலிஷ்னு ஒளிக்காம எழுதின அந்த ஆள் மேல பெரிய மரியாதை வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, அப்பாயி வீட்டுச் சேவல் உதிர்த்த இறகுல ஒண்ணு கட்டி வெண்ணாத்துக்கு எடுத்துட்டுப் போனேன். சித்தப்பா சிரிச்சார். “ஏன்டா, இதுக்கு ஒரு மண்புழு போதாதா?” ஒரு மணி நேரம் ஒண்ணும் கடிக்கலை. அப்புறம் அவரே சொன்னார்: “விரால் மூச்சு வாங்க மேல வரும். கோரை ஓரமா குமிழி வர்ற இடத்தைப் பாரு. அங்க போடு.”

போட்டேன். மாட்டுச்சு. முள்ளைக் கழட்டி மீனைத் திரும்ப ஆத்துல விட்டதுக்கு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் திட்டு வாங்கினேன், அது வேற விஷயம்.

அடுத்த ஸ்வாப்புக்கு அதே ஃப்ளை எட்டு கட்டிட்டேன். சீட்டுல எழுதினது: ‘இறகு, அப்பாயி வீட்டு நாட்டுச் சேவல், தஞ்சாவூர். மீன் இருக்கிற இடம் சொன்னது, சித்தப்பா.’

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.